கரையில் மூன்று மணி நேரம்: கப்பல் ஊழியர்களுக்குக் கையைக் கடிக்காத ஊர்சுற்றல்

சொகுசுக் கப்பலில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் சம்பளத்தையும் காண்ட்ராக்ட் காலத்தையும் விசாரித்து முடித்ததும் அடுத்துக் கேட்பது, “ஊரெல்லாம் சுற்றிப் பார்க்க விடுவார்களா?” என்பதுதான். விடுவார்கள். ஆனால் பயணிகளுக்குக் கிடைப்பதுபோலக் காலையிலிருந்து மாலைவரை கிடைக்காது. மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்குவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கும், நல்ல நாளில் மூன்று. அதற்குள் உடை மாற்றி, கேங்வேயில் அட்டையைக் காட்டி இறங்கி, ஊரைப் பார்த்து, திரும்பி வந்து சீருடை போட்டாக வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்து, முதல் சில மாதங்கள் கரைக்கே இறங்காமல் கேபினில் ஃபோனைப் பார்த்தபடி படுத்திருப்பவர்கள் உண்டு. இன்னும் சிலர் முதல் வாரமே எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையில் டாக்சிக்கு அள்ளிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கை வைக்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம். பயணிக்கு இல்லாத ஒரு வசதி ஊழியருக்கு இருக்கிறது. மத்தியதரைக் கடலிலும் கரீபியனிலும் ஓடும் பெரிய கப்பல்களில் பல, ஏழு இரவுச் சுற்றாக ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போய் வருபவை. ஆறு மாத காண்ட்ராக்ட்டில் அதே துறைமுகம் இருபது தடவைக்குமேல் வரக்கூடும். துறைமுகத்திலும் கப்பலிலேயே இருக்க வேண்டிய முறை, பயிற்சி, மழை, களைப்பு எல்லாம் போகப் பாதி தடவை இறங்க முடிந்தால்கூட அது எந்தப் பயணிக்கும் கிடைக்காத நேரம். பயணி நேபிள்ஸை ஒரே நாளில் விழுங்கியாக வேண்டும். நீங்கள் வாரம் ஒரு தெருவாகப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டால் டாக்சி தேவைப்படாது, ஓட்டமும் இருக்காது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மீதி எல்லாம் அதைச் செய்யும் வழிகள்.

எந்த வேலைக்கு எவ்வளவு கரை

கரைக்கு இறங்குவது மேலாளர் மனம் வைத்துத் தரும் சலுகை என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். 2006-இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் ஊழியர்களின் நலன் கருதி, பணித் தேவைக்கு இணங்கக் கரை விடுப்பு தர வேண்டும் என்கிறது. இந்தியா 2015-இல் இதை ஏற்றது. சமையல்காரர், பரிமாறுபவர், அறை சுத்தம் செய்பவர் எல்லோரும் இந்த உடன்படிக்கையின் பார்வையில் கடலோடிகளே. ஓய்வுக்கும் அதில் கணக்கு உண்டு: எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எந்த 7 நாளை எடுத்தாலும் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டாகப் பிரிக்கலாம், ஆனால் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருப்பது சண்டை போட அல்ல. வேலை நேர அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வாங்கவும், பதிவில் கையெழுத்துப் போடுமுன் சரிபார்க்கவும் உதவும்.

விண்ணப்பம் போடும்போதே யோசிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கப்பலுக்குள் இருக்கும் கடைகளும் கேசினோவும் துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் மூடியிருக்கும்; சுங்க விதிகளும் உள்ளூர்ச் சட்டங்களும் காரணம். ஆகவே அங்கே வேலை செய்பவர்களுக்குத் துறைமுக நாளில்தான் ஓய்வு. பாடகர்கள், நடனக் கலைஞர்களுக்கும் பகல் ஓரளவு சும்மா கிடைக்கும். பரிமாறுபவர்களுக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே இடைவெளி. அறை சுத்தம் செய்பவர்களுக்கு நண்பகலுக்குமேல். சமையலறைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். ஊர் பார்க்கும் ஆசையால் மட்டும் துறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வேலைகளுக்கும் ஒரே தகுதி, ஏறக்குறைய ஒரே சம்பளம் என்றால் இதையும் தராசில் வைக்கலாம்.

கப்பலிலேயே இருக்க வேண்டிய முறையை ஐ.பி.எம். (இன் போர்ட் மேனிங்) என்று சொல்வார்கள். கப்பல் துறைமுகத்தில் நின்றாலும் தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு ஒரு பகுதி ஊழியர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். அந்த முறை சுழன்று வரும். உங்களுக்குப் பிடித்த துறைமுகத்தில் முறை விழுந்தால் அதே அவசரப் பொறுப்புள்ள இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளலாம். அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும், வாய்ப்பேச்சாக வேண்டாம். பயணிகள் மொத்தமாக இறங்கி ஏறும் துறைமுகத்தில் எந்தத் திட்டமும் போடாதீர்கள். அன்றைக்குத்தான் பெட்டி தூக்குவது முதல் படுக்கை விரிப்பதுவரை வேலை நெரிக்கும்.

இறங்கலாம், எதுவரை போகலாம்?

பெரும்பாலான கப்பல்களில் ஊழியர்களின் பாஸ்போர்ட் க்ரூ அலுவலகத்தில் இருக்கும். கையில் கப்பல் அட்டை, தேவைப்பட்டால் சி.டி.சி. என்ற கடலோடிப் பணிப்பதிவுப் புத்தகம். அமெரிக்கத் துறைமுகங்களில் சி1/டி விசாவும் குடியேற்ற அதிகாரி தரும் ஐ-95 கரையிறங்கு அனுமதியும் வேண்டும். ஐரோப்பாவில் பலரும் கவனிக்காத ஒரு வரம்பு இருக்கிறது. ஷெங்கன் எல்லை விதிகளின்படி, முறையான கடலோடி அடையாள ஆவணம் வைத்திருந்து ஊழியர் பட்டியலில் பெயரும் உள்ளவர், விசா இல்லாமலே கரையிறங்க நாடுகள் அனுமதிக்கலாம். ஆனால் கப்பல் நிற்கும் நகராட்சிக்குள்ளும் அதை ஒட்டிய நகராட்சிகளுக்குள்ளும்தான். சிவித்தாவெக்கியாவில் கப்பல் நின்றால் ரோம் அந்த எல்லைக்குள் வராது. லிவோர்னோவில் நின்றால் ஒட்டியிருக்கும் பீசா வரும், ஃபுளோரன்ஸ் வராது. கப்பலேற வாங்கிய ஒருமுறை நுழைவு விசா, ஏறியதோடு தீர்ந்துபோயிருக்கலாம். உங்கள் நிலை எது என்று க்ரூ அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். இதில் கூச்சம் பார்க்க வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் பதில் சொல்லும் கேள்விதான்.

ஒரு துறைமுகத்தைத் துண்டு போடுவது எப்படி: நேபிள்ஸ்

நேபிள்ஸை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், கப்பல் அங்கே ஊரின் நடுவிலேயே நிற்கிறது. டெர்மினலை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் எதிரே காஸ்டல் நுவோவோ கோட்டை. பஸ்ஸோ டாக்சியோ இல்லாமல் ஊருக்குள் நுழைந்துவிடலாம்.

முதல் தடவை நடை மட்டும். கோட்டையைச் சுற்றிக்கொண்டு பியாட்சா டெல் பிளெபிஷீத்தோ சதுக்கம், அங்கிருந்து வியா டொலேடோ கடைத்தெரு. பைசா செலவில்லை. இந்த நடையின் பயன் காட்சி மட்டுமல்ல. கேங்வேயிலிருந்து தெருமுனைவரை உங்கள் கால்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, திரும்பும்போது பாதுகாப்புச் சோதனையில் எவ்வளவு நேரம் வரிசை நிற்கிறது என்பதைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த எல்லாத் தடவைக்கும் அந்த எண்தான் அடிப்படை.

இரண்டாம் தடவை பழைய நகரம். ஊரை நேர்கோட்டில் பிளந்துபோகும் ஸ்பாக்கானாப்போலி தெரு, அதன் கிளைச் சந்துகள், கதீட்ரல். நேபிள்ஸின் வரலாற்று மையம் 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் அங்கே மக்கள் இன்னும் மாடிக்கு மாடி துணி காயப்போட்டு வாழ்கிறார்கள். பீட்சா பிறந்த ஊர் என்பதால் அதைச் சாப்பிடாமல் வர முடியாது. துறைமுகத்துக்கு எதிரே சாப்பிடாமல் இந்தச் சந்துகளில் சாப்பிட்டால் விலை குறையும். மாரினாரா என்று கேட்டால் தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய் மட்டும் போட்டுத் தருவார்கள். பாலாடைக்கட்டியும் இல்லை, பட்டியலில் மலிவானதும் பெரும்பாலும் அதுதான்.

மூன்றாம் தடவை வெயிலோ மழையோ அதிகமென்றால் மெட்ரோ. துறைமுகத்துக்கு எதிரே முனிச்சிபியோ நிலையம்; அங்கிருந்து ஒரே நிறுத்தம் டொலேடோ. 2012-இல் திறந்த அந்த நிலையமே பார்க்க வேண்டிய இடம். கடலுக்குள் இறங்குவதுபோல நீல நிறத்தில் மொசைக் பதித்திருக்கிறார்கள். ஒரு மெட்ரோ டிக்கெட் விலையில் ஒரு கலைக்கூடம்.

பாம்பேயியை நான்காவது, ஐந்தாவது தடவைக்கு வையுங்கள், அதுவும் ஐந்து மணி நேரமாவது கையில் இருக்கும் நாளில். முனிச்சிபியோவிலிருந்து மெட்ரோவில் கரிபால்டி, அங்கே சிர்க்கும்வெசுவியானா ரயிலில் சொரெண்டோ பக்கம் போகும் வண்டி, இறங்க வேண்டிய நிறுத்தம் பொம்பெய் ஸ்காவி. ரயிலில் மட்டும் நாற்பது நிமிடம்போல ஆகும். வண்டி பழசு, கூட்டம் நெரியும், ஜேப்படி உண்டு; பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தத்துக்கு எதிரிலேயே நுழைவாயில். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் தளங்களும் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இலவசம், பாம்பேயியும் அதில் அடக்கம். உங்கள் கப்பல் நேபிள்ஸில் நிற்கும் கிழமை ஞாயிறு என்றால் காண்ட்ராக்ட்டில் ஒரு தடவையாவது அது பொருந்தி வரும். கூட்டம் அன்றைக்கு மிக அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போனால் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த முழு நகரம் அது. ஒரு தெருவையும் இரண்டு வீடுகளையும் ஒரு ரொட்டி அடுப்பையும் நின்று பார்த்தால் போதும். சமையலறையில் வேலை செய்பவர்களுக்கு அந்த அடுப்பும் மாவரைக்கும் கல்லும் தனியாகப் பேசும்.

அங்கே கிடைத்த ஓவியங்களும் மொசைக்குகளும் நேபிள்ஸ் நகரிலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அது பாம்பேயி பார்த்த பிறகு வரும் ஒரு தடவைக்கு. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். கப்பல் செவ்வாய்தோறும் நேபிள்ஸ் வருகிறதென்றால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

இப்படி ஐந்தாறு தடவையில் நீங்கள் பார்த்திருப்பதை, ஒருநாள் பேருந்துச் சுற்றுலாவில் போன பயணி பார்த்திருக்க மாட்டார்.

மற்ற துறைமுகங்கள், சுருக்கமாக

மால்டாவின் வலெட்டா, மூன்று மணி நேரம் உள்ளவர்களுக்கென்றே கட்டிய ஊர்போல இருக்கும். கப்பல் நிற்பது கோட்டைச் சுவரின் அடியில். நடந்து சற்றுத் தூரத்தில் பராக்கா லிஃப்ட். 58 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் மேல் பராக்கா தோட்டத்தில் விடும். நண்பகல் 12 மணிக்குக் கீழ்த்தளத்தில் பீரங்கி வெடிப்பார்கள், தோட்டத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து சும்மாவே பார்க்கலாம். அங்கிருந்து நடந்தே ஊர் முழுவதும். இன்னொரு வாரம், படகேறி எதிர்க்கரையிலுள்ள மூன்று நகரங்களுக்குப் போகலாம். துறைமுகத்துக்குள்ளேயே ஓடும் சாதாரணப் பயணிகள் படகு அது, உல்லாசப் படகு விலை இல்லை. எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். முதல் காண்ட்ராக்ட்டில் தனியாக இறங்கப் பயப்படுகிறவர்கள் இங்கே தொடங்கலாம்.

சிவித்தாவெக்கியா இதற்கு நேரெதிர். “ரோம் துறைமுகம்” என்று விளம்பரத்தில் போடுவார்கள். ரோமுக்கு வட்டார ரயிலில் ஒரு மணி நேரம்போல ஆகும். கப்பலிலிருந்து லார்கோ டெல்லா பாச்சே என்ற வாசலுக்குத் துறைமுக பஸ், அப்புறம் ரயில் நிலையம் என்று இரண்டு பக்கமும் கூட்டினால் மூன்று மணி நேரம் பயணத்திலேயே போய்விடும். முழுநாள் ஓய்வும் விசாவும் இருந்தால் மட்டும் போங்கள். அப்போது பி.ஐ.ஆர்.ஜி. என்ற ஒருநாள் சீட்டு வாங்கினால் வட்டார ரயிலும் ரோமின் மெட்ரோ, பஸ்ஸும் ஒரே விலையில் அடங்கும். காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை எந்திரத்தில் முத்திரை குத்த மறந்தால் அபராதம். ரோமா சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் புனித பேதுரு பேராலயம் நடை தூரம், உள்ளே போகக் கட்டணமில்லை. நேரம் இல்லாத வாரங்களுக்கு அடுத்த ஊரான சாந்தா மரினெல்லா இருக்கிறது. ரோம் பக்கம் போகும் அதே ரயிலில் ஏறி முதலில் வரும் ஊர். கடற்கரை. விசா வரம்புக்குள்ளும் அடங்கும் ஒட்டிய நகராட்சி. ரோமை விட்டுவிட்டு ஒரு கடற்கரையா என்று கேட்காதீர்கள். பத்து மணி நேரம் குளிர்சாதனத்துக்குள் நின்ற உடம்புக்கு அதுதான் வேண்டியிருக்கும்.

பிரேயஸில் இறங்கினால் ஏதென்ஸுக்கு மெட்ரோ. 2022 அக்டோபர் முதல் மூன்றாம் வழித்தடமும் பிரேயஸ்வரை வருகிறது; அதிலும் பழைய முதலாம் தடத்திலும் மோனஸ்டிராக்கியில் இறங்கலாம். கப்பல் நிற்கும் டெர்மினலைப் பொறுத்து மெட்ரோ நிலையத்துக்கு அரை மணி நேரம்வரை நடை. அக்ரோபொலிஸ் நுழைவுக் கட்டணம் 2025 முதல் 30 யூரோ, கடைநிலை ஊழியருக்கு அது பெரிய தொகை. அதன் எதிரே அரியோபாகஸ் பாறை இருக்கிறது, ஏறக் காசில்லை. பார்த்தெனான் நிற்கும் குன்று முழுவதும் கண்ணெதிரே தெரியும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அக்ரோபொலிஸே இலவசம். டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்பது குரூஷ் துறைமுகத்தில். பீலே வாசலுக்கு உள்ளூர் பஸ் உண்டு. டிக்கெட்டைக் கடையில் வாங்கினால் ஓட்டுநரிடம் வாங்குவதைவிட மலிவு. கோட்டைமதில் மேல் நடக்கும் கட்டணம் சீசனில் கூசும். கீழே ஊருக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. மாண்டினீக்ரோவின் கோட்டோரில் வாசலே ஊர், மலைக்கோட்டைக்கு 1,350 படி என்பார்கள். சாண்டோரினி அழகுதான், ஆனால் கப்பலிலிருந்து படகில் இறங்கி, மேலே ஃபீராவுக்குக் கேபிள் காரில் ஏற வரிசை நிற்க வேண்டும். பிற்பகலில் இறங்கும் வரிசை இன்னும் நீளம். மூன்று மணி நேரம்தான் உள்ளதென்றால் இறங்காதீர்கள்.

கரீபியனில் பெரும்பாலும் கடற்கரைதான், அதிலும் நடந்துபோகும் கடற்கரை. நசாவில் ஜங்கனூ கடற்கரைக்குக் கப்பல் மேடையிலிருந்து நடக்கலாம், இலவசம். எதிர்த்திசையில் ஊருக்குள் நடந்தால் பாறையைக் குடைந்து அடிமைகள் செதுக்கிய ராணிப் படிக்கட்டு. செயின்ட் மார்ட்டினில் பிலிப்ஸ்பர்க் ஊரும் அதன் கடற்கரையும் இருபது நிமிட நடை. சான் ஹுவானில் பழைய நகரத்துக்குள்ளேயே இறங்குகிறீர்கள். எல் மோரோ கோட்டைக்குள் போகக் காசு உண்டு, அதன் முன்னால் விரியும் புல்வெளிக்கு இல்லை. மாலையில் ஊரே அங்கே பட்டம் விட்டுக்கொண்டிருக்கும். கரீபியனை விட்டு வடக்கே போனால், அலாஸ்காவின் ஜூனோவில் கேபிள் காருக்குச் செலவழிக்காமல், ஊரிலிருந்தே தொடங்கும் மவுண்ட் ராபர்ட்ஸ் பாதையில் ஏறிப் போகலாம். கால் வலுவும் நல்ல காலணியும் வேண்டும்.

பினாங்கும் சிங்கப்பூரும்

ஆசியச் சுற்றில் ஓடும் கப்பல் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுன் நடை தூரம். பத்து, பதினைந்து நிமிடத்தில் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833-இலிருந்து இருக்கும் மகா மாரியம்மன் கோயில். சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம் வணிகர்கள் காலூன்றிய காலத்தின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழில் பேசியே சோறு வாங்கிச் சாப்பிடலாம். நாசி கண்டார் சாப்பிடாமல் வராதீர்கள். காவடிபோல் தோளில் கம்பு சுமந்து தமிழ் முஸ்லிம்கள் சோறும் குழம்பும் விற்றதில் தொடங்கிய உணவு அது. கறி வகைகளைச் சுட்டிக்காட்டி எடுக்கும்போது விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், மீனும் இறாலும் கணக்கை ஏற்றிவிடும். வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து ஊருக்குள் சுற்றிவரும் கேட் பஸ் இலவசம். நேரம் அதிகமுள்ள நாளில் அங்கிருந்தே 204-ஆம் எண் பஸ்ஸில் பினாங்கு மலை அடிவாரம் போகலாம். இத்தனையும் வாடகைக் கார் இல்லாமல்.

சிங்கப்பூரில் இரண்டு இடங்களில் கப்பல்கள் நிற்கும். ஹார்பர்ஃபிரண்ட் என்றால் எம்.ஆர்.டி. நிலையம் பக்கத்திலேயே, வடகிழக்குத் தடத்தில் மாறாமல் லிட்டில் இந்தியா போய்விடலாம். மரினா பே என்றால் மரினா சவுத் பியர் நிலையம்வரை நடந்து, டோபி காட்டில் தடம் மாற வேண்டும். அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினால் போதும். தேக்கா சென்டரில் சாப்பாடு, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். அங்கேயே உள்ள முஸ்தபா கடையில் வாங்க வேண்டியதைப் பட்டியலாக எழுதிக்கொண்டு உள்ளே போனவர்தான் நேரத்துக்கு வெளியே வருவார்.

காசு போகும் ஓட்டைகள்

ஃபோனில்தான் பெரிய ஓட்டை. கப்பல் கடலுக்குள் போனதும் ஃபோன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் சேவையைப் பிடிக்கும், ரோமிங்கில் ஒரு வாரச் சம்பளத்தையே தின்றுவிடும். கேங்வே மூடுமுன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். ஊர் வரைபடத்தை வைஃபை கிடைக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால் கரையில் இணையமே தேவைப்படாது. அட்டையில் பணம் கட்டும்போது “உங்கள் ஊர் நாணயத்திலா, இந்த ஊர் நாணயத்திலா” என்று எந்திரம் கேட்கும். எப்போதும் இந்த ஊர் நாணயம். மற்றதைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நான்கைந்து சதவீதமாவது கழிந்துவிடும்.

டாக்சி தவிர்க்க முடியாதபோது நாலு பேராகச் சேருங்கள். ஏறுமுன் நான்கு விஷயங்களைப் பேசி முடிக்க வேண்டும்: எந்த நாணயம், விலை வண்டிக்கா ஆளுக்கா, போகவர இரண்டும் சேர்த்தா, காத்திருப்புக்குத் தனியா. முழுப் பணத்தையும் திரும்பி இறக்கிவிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும்.

பல துறைமுகங்களில் மிஷன் டு சீஃபேரர்ஸ், ஸ்டெல்லா மாரிஸ் போன்ற அமைப்புகள் கடலோடிகள் மையம் நடத்துகின்றன. முதலாவது 1856-இல் தொடங்கியது. கிறிஸ்தவ அமைப்புகள்தான், ஆனால் எந்த மதத்தவருக்கும் கதவு திறந்திருக்கும். வைஃபை, சிம் கார்டு, பல இடங்களில் ஊருக்குள் போய்வர வேன். கப்பலிலேயே கேட்க வேண்டியவை இரண்டு. க்ரூ நலக்குழு அவ்வப்போது மலிவு விலையில் ஊழியர் சுற்றுலா போடும். பயணிகள் சுற்றுலாப் பிரிவு, தன் பேருந்துகளில் துணைக்குப் போய்த் திரும்பி அறிக்கை எழுதித் தரும் ஊழியர்களைச் சில நேரம் தேடும். நல்ல பெயர் எடுத்தவருக்கு அந்த இடம் கிடைக்கும், செலவே இல்லாமல். சிரித்த முகமாய் ஒருநாள் அவர்கள் மேசைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மெஸ்ஸிலிருந்து ஆப்பிள், வாழைப்பழம் எடுத்துக்கொண்டு இறங்கும் பழக்கம் எல்லா ஊரிலும் செல்லாது. நியூசிலாந்தில் சோதனையில் பழம் அகப்பட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம், அங்கேயே. ஆஸ்திரேலியாவும் கண்டிப்பானது.

திரும்புதல்

ஊழியர்கள் திரும்ப வேண்டிய நேரம் பெரும்பாலும் பயணிகளுக்கு முந்தையது. கேங்வேயில் எழுதியிருப்பதை இறங்கும்போது ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது கப்பல் நேரம். ஊர் நேரம் வேறாக இருக்கலாம். மெக்சிகோவின் கொசுமெல் நல்ல உதாரணம். அந்த மாநிலம் 2015-இல் நேர மண்டலம் மாறியது, கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை நகர்த்துவதுமில்லை. ஃபுளோரிடா நேரத்திலேயே ஓடும் கப்பலில் 4 மணி ஆகும்போது கோடையில் அந்த ஊரில் 3 மணிதான். ஃபோன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று சொல்லும். தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். போன நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு திரும்பி வர ஒதுக்குங்கள். ரயிலில் போனால், பிடிக்க நினைப்பதற்கு முந்தைய ரயிலைப் பிடியுங்கள்.

பயணியாகவே சொந்தச் செலவில் கப்பலில் போகிறவர்களுக்கும் மேலே சொன்ன பஸ்களும் ரயில்களும்தான். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும், தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தள்ளியிருக்கும், ஒரே ஒரு சாலை உள்ள இடமென்றால் அவர்களுடைய பேருந்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. நடை தூர ஊர்களுக்குக் கொடுப்பது வீண்.

எல்லாம் மீறிக் கப்பல் போய்விட்டால் துறைமுக ஏஜென்டை உடனே அழைக்க வேண்டும். அவர் எண் அன்றாட நிகழ்ச்சித் தாளிலோ ஊழியர் அறிவிப்புப் பலகையிலோ இருக்கும். இறங்குமுன் ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள், ஃபோன் சார்ஜ் தீர்ந்தாலும் உதவும். நேரத்துக்கு வராத பயணியின் பாஸ்போர்ட்டைக் கப்பல் அந்த ஏஜென்டிடம் விட்டுச்செல்வது வழக்கம். ஊழியர் விஷயம் இன்னும் கடுமை. வராதவர் பெயரைக் கப்பல் அந்நாட்டுக் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்துவிடும், நீங்கள் தகவல் தராமல் போகும் ஒவ்வொரு மணி நேரமும் வேலையை விட்டு ஓடியவர் என்ற சந்தேகத்தைக் கூட்டும். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காமல் அழையுங்கள், நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அடுத்த துறைமுகத்துக்கு எப்படிப் போவது, உங்கள் விசாவுக்கு எந்த வழி செல்லும், செலவு யாருடையது என்பதை நிறுவனத்திடம் கேட்டு ஏஜென்ட் சொல்வார். அதுவரை நீங்களாக டிக்கெட் எதுவும் எடுத்துவிடாதீர்கள்.